திசை சொன்ன கடிதங்கள்

தெய்வானை டீச்சருக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய சீடர் சேவுகப்பெருமாளுக்கு அறுபத்திரண்டு. குருவுக்கு மாமா முறை ஆகிற வயதில் ஒரு சீடரா என்று காரைக்குடியில் கேலி பேசாதவர்கள் குறைவு. இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஆறு வயதில் வந்த காய்ச்சலில் டீச்சருக்குப் பார்வை போய்விட்டது. கல்லூரியில் தத்துவம் நடத்தினார். பிறகு வேலையை விட்டுவிட்டு, தேடி வருகிறவர்களோடு தன் மாடிவீட்டில் பேசிக்கொண்டிருந்தார். சேவுகப்பெருமாள் நில அளவைத் துறையில் வரைபடம் போட்டு, விருப்ப ஓய்வு பெற்றவர். எட்டு வருடங்களுக்கு முன் முதல் முறை படியேறி வந்தவரிடம் டீச்சர் கேட்டார்.

"என்ன கத்துக்க வந்தீங்கண்ணே?"

"தெரியல டீச்சர்."

"தெரிஞ்சதும் சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்குப் பத்திரிகை படிச்சுக் காட்டுங்க."

அன்றிலிருந்து தினமும் மாலை மூன்று மணிக்கு வாசிப்பு. வாரப் பத்திரிகைகள் இரண்டு, கதைகள் வரும் மாத இதழ் ஒன்று. அட்டைப்படத்தை விவரிப்பதில் தொடங்கி, கடைசிப் பக்கத்து வாசகர் கடிதங்களில் முடிப்பார். ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் பக்க எண்ணைச் சொல்வார். அது டீச்சர் போட்ட விதி.

போன சித்திரையில் மதுரைக் கண் மருத்துவர் சேவுகப்பெருமாளிடம் நேராகவே சொன்னார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது. போனது போனதுதான், மேலும் போகாமல் வேண்டுமானால் பார்க்கலாம். ஓரங்களில் பார்வை இருந்ததால் தெருவில் நடப்பதில் அவருக்குச் சிரமமில்லை. எதிரே இருப்பவரின் முகம்தான் தெரியவில்லை. தலைப்பு எழுத்து தெரிந்தது, அதற்குக் கீழே இருந்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மூன்று மணிக்குக் கண்ணாடிக் கூட்டை டக்கென்று திறந்து, வழக்கம்போல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதழைப் பிரித்தார். தலைப்பைப் படித்தார், பெரிய படத்தைப் பார்த்தார். மீதியைத் தானே கற்பனை செய்து சொன்னார்.

ஆறு மாதம் இப்படியே ஓடியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று மணி இல்லையென்றால் ஒரு நாளில் அவருக்கு மிஞ்சுவது சாப்பாடும் தூக்கமும்தான். படிக்க முடியாத சீடரை வைத்துக்கொண்டு பார்வையில்லாத குரு என்ன செய்வார் என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து நிலோஃபர் போன் செய்தாள். டீச்சரின் பழைய மாணவி. டேப்லெட் ஒன்று அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். பத்திரிகைகளைத் தமிழிலேயே வாய்விட்டுப் படிக்கும் ஆப் அதில் உண்டு. டெலிவரிக்காரர் கூப்பிடுவதற்குச் சேவுகன் அண்ணன் நம்பரைக் கொடுத்திருக்கிறாளாம்.

டீச்சர் அவரிடம் ஒரு வேலை வைத்தார். "எந்தெந்தப் பத்திரிகை அதுல வருது, எந்த ஆப் நல்லாப் படிக்குதுன்னு விசாரிச்சு வைங்கண்ணே."

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மொபைல் கடையில் சேவுகன் போய் விசாரித்தார். கடைக்காரர் பொறுமைசாலி. ஒரு டேப்லெட்டை எடுத்து, இந்த ஆப் குரலில் படிக்கும், இந்த ஆப் எழுத்தைப் பெரிதாக்கும் என்று காட்டினார். விரலால் விரித்தார். திரை முழுக்க ஒரே ஒரு 'அ' வந்து நின்றது. சேவுகனுக்கு அது தெரிந்தது. ஆறு மாதத்தில் தலைப்பு அல்லாமல் அவர் ஒழுங்காகப் பார்த்த முதல் எழுத்து அதுதான்.

ஆனால் டீச்சரிடம் வந்து அவர் சொன்னது வேறு.

"வாரப் பத்திரிகை ரெண்டும் வருது டீச்சர். மாத இதழ் வராது."

"அப்படியா? நிலோஃபர் மூணும் வரும்னாளே."

"அந்தப் பொண்ணுக்குச் சரியாத் தெரியல போல. அந்தக் குரலும் நல்லாயில்ல டீச்சர். வருத்தமான விசயத்தையும் பஸ் நேரம் சொல்ற மாதிரிச் சொல்லுது."

டீச்சர் தலையாட்டினார்.

புதன்கிழமை காலையில் டெலிவரிக்காரர் சேவுகனைப் போனில் கூப்பிட்டார். வீடு பூட்டியிருக்கிறது என்று சேவுகன் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு முறை வருவோம், அப்போதும் ஆள் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும் என்றார் அவர். அன்றைக்கு முழுவதும் சேவுகனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வாசிப்புக்கு உட்கார்ந்தார். போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"நேத்து வீடு பூட்டியிருந்துச்சாம்," என்றார் டீச்சர்.

சேவுகன் இதழை எடுத்துப் பிரித்தார்.

"நிலோஃபருக்குச் செய்தி வந்திருக்கு. எனக்குப் போன் பண்ணிச் சொன்னா. நான் நேத்து வெளியே எங்கயும் போகல."

"எதிர்வீட்டு மணியை அடிச்சிருப்பாங்க டீச்சர்."

"இருக்கும்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். பக்க எண்ணைச் சொல்ல மறந்துவிட்டார். டீச்சரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று சேவுகனுக்குத் தோன்றியது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எந்திரம் படிக்கிறதும் மனுசன் படிக்கிறதும் ஒண்ணா?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தபோது சேவுகனின் பையில் போன் அடித்தது. இரண்டு முறை, மூன்று முறை. அவர் எடுக்கவில்லை. டீச்சர் முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது முறை அடித்தபோது சேவுகன் எடுத்தார்.

"சார், தெய்வானை டீச்சர் வீடுதானே? இன்னைக்காவது ஆள் இருக்கீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"மேல வாங்க," என்றார்.

டெலிவரிக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார். பெட்டியைக் கொடுத்தார், காகிதத்தை நீட்டினார். "கட்டத்துக்குள்ள கையெழுத்துப் போடுங்க சார்."

சேவுகன் குனிந்தார். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் தேடினார். கட்டம் அகப்படவில்லை. குத்துமதிப்பாகப் போட்டார்.

"வெளிய போயிருச்சு சார். பேருக்கு மேலேயே போட்டிருக்கீங்க. பரவாயில்ல." அவர் இறங்கிப் போனார்.

முப்பத்தொரு வருடம் அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கோடு போட்டவர் கையில் பேனாவோடு கதவருகே நின்றார். உள்ளே டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"பிரிங்கண்ணே."

பிரித்தார். நிலோஃபர் எல்லாவற்றையும் தயார் செய்தே அனுப்பியிருந்தாள். டீச்சர் விரல்களால் திரையைத் தடவி, இரண்டு முறை தட்டினார். ஒரு பெண் குரல் பத்திரிகைகளின் பெயர்களை வாசித்தது. மூன்றாவதாக அந்த மாத இதழின் பெயர் வந்தது. டீச்சர் விரலை அதன்மேலேயே நிறுத்தினார்.

"செவ்வாக்கிழமை ஒரு கதை படிச்சீங்களே. பஸ் ஸ்டாண்டுல மகனுக்காகக் காத்திருக்கிற அம்மா. அதோட கடைசிப் பக்கத்தைக் கேப்போமா?"

"வேண்டாம் டீச்சர்."

"ஏண்ணே?"

டீச்சர் தட்டினார்.

குரல் படித்தது. கடைசிப் பேருந்தும் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். மகன் வரவில்லை. அந்த அம்மா தூக்குச் சட்டியைத் திறந்து, தானே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். கதை முடிந்தது.

செவ்வாய்க்கிழமை தலைப்பையும் படத்தையும் வைத்துச் சேவுகன் சொன்ன கதையில் மகன் வந்துவிட்டான். இருவரும் மேற்கே கடைத்தெரு வழியாக நடந்து, வடக்கே திரும்பி, வடகிழக்கு மூலையில் இருந்த வீட்டை அடைந்து, ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நல்லா முடிச்சிருக்காங்க என்று டீச்சர் அன்று சொல்லியிருந்தார்.

"எப்பலேர்ந்து தெரியும் டீச்சர்?"

"வைகாசியிலேர்ந்து. வாசகர் கடிதம் படிச்சீங்க. பொள்ளாச்சிக்காரர் வீட்டுக்குத் தெற்கே தென்னந்தோப்புன்னு எழுதியிருந்தார். தூத்துக்குடிக்காரம்மா கிழக்கு வாசல்ல உக்காந்து பத்திரிகை படிக்கிறேன்னு எழுதியிருந்தாங்க. சேலத்துக்காரரும் திசை சொல்லித்தான் ஆரம்பிச்சார். தமிழ்நாடு முழுக்க நில அளவைக்காரங்களா இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. சேவுகனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டுமே வெளிவரவில்லை.

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீங்க சொல்ல வேண்டியது. நான் ஏன் கேக்கணும்?"

சேவுகன் விரித்தபடி கிடந்த இதழை மூடினார். பிறகு, மருத்துவரிடம்கூடத் திருப்பிச் சொல்லிப் பார்க்காத அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"எனக்குக் கண்ணு போகுது டீச்சர்."

"ம்."

"பயமா இருக்கு."

"இருக்கும்."

"உங்களை ஏமாத்திட்டேன். நேத்து டேப்லெட்டைத் திருப்பி அனுப்பப் பாத்தது நான்தான். மாத இதழ் வராதுன்னதும் பொய்." அவர் எழுந்தார். "இனிமே அது படிச்சுக் காட்டும். நாளையிலேர்ந்து எனக்கு இங்க வேலையில்ல. நான் கிளம்புறேன்."

டீச்சர் டேப்லெட்டை மடியிலிருந்து எடுத்து, பக்கத்திலிருந்த நாற்காலிக்கும் தன் நாற்காலிக்கும் நடுவில் இருந்த முக்காலியில் வைத்தார். கை தடவவில்லை, தேடவில்லை. முக்காலி எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. சேவுகன் அந்தக் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டு வருடமாகத் தினமும் பார்த்த கைதான்.

"முதல் நாள் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றார் டீச்சர்.

"என்ன கத்துக்க வந்தீங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னேன்."

"இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு உக்காருங்கண்ணே."