குண்டாவுக்கு எதிர்ப்பக்கம்

எங்கள் புங்கம்பாளையத்துக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் கை காட்டுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நாங்கள் அப்படி.

அந்த வருஷம் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. சென்னியப்பனுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. கண்ட தூணிலெல்லாம் உரசிக்கொண்டு நின்றார். கத்திரி உச்சத்தன்று ஏரிக்கு நடுவே இருக்கும் தீவுக்குப் போய், மூன்று முங்கு போட்டு, புளிசோறு சாப்பிட்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். அந்த மூன்று முங்கில் அரிப்பு அடங்கிவிடும் என்று நம்பி, கூட்டாளிகள் மாரப்பனையும் நாச்சிமுத்துவையும் கிளப்பிக்கொண்டு போனார்.

ஏறும்போதே பரிசல்காரர் மிரட்டிவிட்டார். "மாரப்பண்ணன் இந்தப் பக்கம், நாச்சிமுத்தண்ணன் எதிர்ப்பக்கம். சென்னியப்பண்ணா, உங்களுக்கு எதிர்ல சோத்துக் குண்டா. ஒருத்தர் அசைஞ்சா எதிர்ல இருக்கறதும் அதே மாதிரி அசையோணும். இல்லீன்னா கவுந்துரும்!"

மாரப்பன் தும்மினார். நாச்சிமுத்துவும் வராத தும்மலை வரவழைத்துத் தும்மினார். சென்னியப்பன் மட்டும் முதுகைச் சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். குண்டாவுக்குச் சொறியத் தெரியாதே.

தீவு வந்தது. மாரப்பன் கரையில் கால் வைத்தார். எதிர்ப்பக்கம் இருந்த நாச்சிமுத்து தண்ணீரில் கால் வைத்தார். அவரைத் தூக்கிக் கரையேற்றி, சென்னியப்பனையும் குண்டாவையும் இறக்கிவிட்டு, பொழுது சாய வருவதாகச் சொல்லிப் பரிசல்காரர் போய்விட்டார்.

"இனி இஷ்டத்துக்கு நடக்கலாமல்ல?" என்றார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து வேட்டியைப் பிழிந்தபடி யோசித்தார். "பரிசல் எங்க இருந்துச்சு?"

"தண்ணிக்கு நடுவுல."

"தீவு எங்க இருக்குது?"

"தண்ணிக்கு நடுவுல."

அப்படியானால் இதுவும் கவிழும் என்று மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

மாரப்பன் கிழக்கே குளித்தார், நாச்சிமுத்து மேற்கே குளித்தார். தீவு அசையவில்லை. சென்னியப்பன் வெயிலில் நெளிந்தார்.

"மாரப்பா, எனக்கு எதிர்ல நீ போயேன்."

"உனக்குக் குண்டாவைத்தான் ஜோடி சேர்த்தாரு. நாம மாத்தறது நல்லாவா இருக்கும்?"

"அதுக்குக் கால் இல்லியே!"

நெடுநேரம் விவாதித்து, குண்டாவுக்குக் கால்களாக நாச்சிமுத்துவை நியமித்தார்கள். அவர் குண்டாவைத் தூக்கிக்கொண்டு மேற்கே போனதால் மாரப்பன் சென்னியப்பனோடு கிழக்கே வந்தார். அங்கே முழங்கால் ஆழம்தான்.

"ஒண்ணு!" என்று மாரப்பன் கத்தினார். சென்னியப்பன் முங்கினார், மேற்கே குண்டாவும் முங்கியது. "ரெண்டு!" புளிசோறு மீன்களுக்குப் போனது. மூன்றாவது முங்கில் அரிப்பு போயே போச்சு. சென்னியப்பன் சந்தோஷத்தில் அழுதுவிட்டார்.

"ஐயோ, கை நழுவிருச்சு! குண்டா அடியில போய்ப் படுத்துக்கிச்சு!" என்று மேற்கே அலறல் கேட்டது.

தீவு கவிழ்ந்தால் கூட்டாளிகள் கதி என்ன? சென்னியப்பன் சட்டென்று முகம் மட்டும் வெளியே தெரியத் தண்ணீருக்குள் மல்லாந்து படுத்தார். முழங்கால் ஆழத்தில் அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

பொழுது சாயப் பரிசல்காரர் வந்தார். "ஏனுங்ணா படுத்திருக்கீங்க? எந்திரிங்க, போலாம்."

சென்னியப்பன் இம்மியும் அசையவில்லை. வாயை மட்டும் திறந்தார்.

"மொதல்ல குண்டாவை எந்திரிக்கச் சொல்லுங்க."