அஞ்சு பனையும் ஒரு மாப்பிள்ளையும்

வெள்ளந்திப்பட்டிக்காரர்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் பனோரமா பிடிப்பதுதான். அதாவது, பல படங்களை எடுத்துப் பக்கம்பக்கமாக ஒட்டி, ஒரே நீளப் படமாக ஆக்குவது. வித்தை கைவந்ததா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அந்த ஊர் இசக்கிமுத்துவுக்குப் பெண் அமையாமலே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஒருவழியாக ஒரு இடம் கூடிவந்தது.

"பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மாப்பிள்ளையோட சொந்தபந்தம் அம்புட்டையும் ஒரே படத்துல பாக்கணுமாம்," என்றார் தரகர் சிவனணைந்தான்.

சொந்தமோ கண்மாய்க்கரை நீளத்துக்கு இருந்தது. இசக்கிமுத்து காலில் விழாத குறையாகக் கெஞ்சவும், சிநேகிதன் கொம்பையா டவுனுக்குப் போய் கேமரா கடைக்காரரிடம் யோசனை கேட்டு வந்தான். கால் நகரக் கூடாது. ஒரு படத்தின் ஓரத்தில் இருப்பது அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது.

கால் நகராமல் இருக்க, கொம்பையா கரையில் குழி வெட்டி முழங்கால்வரை இறங்கினான். ஊரே சேர்ந்து மண்ணைத் தள்ளி மிதித்தது. கால் நகரவில்லை. ஆனால் ஆளும் திரும்ப முடியவில்லை.

"இப்ப என்னவே செய்ய?"

"நீரு ஏன் திரும்பணும்? சொந்தக்காரங்க உமக்கு எதிர்ல இருக்க அந்தப் பனையடிக்கு வந்து நின்னுட்டுப் போவாங்க," என்றான் சப்பாணிமுத்து. ஊரில் அவன்தான் மூளைக்காரன்.

அப்படியே கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முதல் படத்தின் ஓரத்தில் நின்றது இசக்கிமுத்து. ஓரத்தில் இருப்பது அடுத்த படத்திலும் வேண்டுமே! மற்றவர்கள் போகப்போக அவன் மட்டும் அசையாமல் நின்றான். மூன்றாவது படம் எடுக்கையில் கொம்பையாவின் மூக்கில் ஒரு தும்பி உட்கார, இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்டிப் பார்த்தால் அஞ்சு பனை, அஞ்சு இசக்கிமுத்து.

"ஒரு மாப்பிள்ளை கேட்டாங்க, அஞ்சு குடுக்கோம். குறை சொல்ல முடியாது," என்று படத்தை அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த வாரம் தரகர் கண்மாய்க்கரைக்கு ஓடிவந்தார். "பொண்ணுக்குச் சம்மதம்! அண்ணன் தம்பி அஞ்சு பேருன்னு நினைச்சுட்டாங்க. அதுல நடுவுல சிரிச்ச முகமா நிக்கிறவரைத்தான் பிடிச்சிருக்காம்."

இசக்கிமுத்துவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப படத்துல முதல்ல நிக்கிற ஆளு?"

"அதுவும் நீருதானவே!"

"அதான் கேக்கேன். மூத்தவன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில மூணாவதுக்கு எப்படிக் கல்யாணம் முடிப்பீரு?"

ஊர் கூடி யோசித்தது. "நியாயந்தான். முதல்ல எடுத்தது மூத்தது," என்றான் கொம்பையா, குழிக்குள் நின்றபடியே. காலை நகர்த்தலாம் என்று அவனிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எல்லாம் ஒரே ஆளுய்யா!" என்று தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரே ஆளுன்னாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்லா?" என்றான் சப்பாணிமுத்து.

பாவம், இசக்கிமுத்துவுக்குப் பெண்ணை விடவும் மனசில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணு செய்யும். அந்தப் பொண்ணுக்கு அக்காமாரு ரெண்டு பேரு இருக்காங்களான்னு விசாரியும். மூத்தவங்களுக்கு முடிச்சிட்டு மூணாவதுக்கு முடிப்போம்."

"அப்ப மிச்சம் ரெண்டு பேரு?" என்று பல்லைக் கடித்தார் தரகர்.

"அவனுவ சின்னப் பயலுவதானே, ஐயா. ரெண்டு வருசம் பொறுத்துக்கிடுவானுவ."