கடைசி முறைத் தண்ணீர்

மேகத்தைப் பார்த்து ராஜாக்களே கும்பிடு போட்ட காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அந்தக் காலத்தில் செம்மண்குடி என்ற ஊரில் ஆதிமூலம் என்று ஓர் உழவன் இருந்தான். மனைவி பொன்னுருவி, பிள்ளைகள் மூன்று, கேழ்வரகு வயல் ஒன்று. வயல் விளைந்தால் களி, விளையாவிட்டால் பட்டினி. அவ்வளவுதான் அவன் பிழைப்பு.

அந்த ஊரில் ஏரித் தண்ணீருக்கு முறை உண்டு. எட்டு நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு வயலுக்கும் மடை திறப்பார்கள். முறை தவறினால் அடுத்த எட்டு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஆதிமூலம் நல்லவன். நல்லவனாக இருந்தால் போதாதா? போதவில்லையே அவனுக்கு! நல்லவன் என்று நாலு பேர் சொல்லவும் வேண்டியிருந்தது. யாரோ ஒருநாள் போகிற போக்கில் "நீ தருமப்பிரபுப்பா" என்று சொல்லித் தொலைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன். அதிலிருந்து "இல்லை" என்ற சொல் அவன் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது.

இது தெரிந்ததும் பக்கத்து வயல் தாண்டவராயனுக்கு மூக்கில் வியர்த்தது.

முதல் தடவை வரப்பில் வந்து கைகூப்பி நின்றான். "அண்ணே, அம்மா விழுந்துட்டாங்க. தூக்கிக்கிட்டு வைத்தியர்கிட்ட ஓடினதுல என் முறை போச்சு. நீங்கதான் காப்பாத்தணும்." ஆதிமூலம் தன் முறையைக் கொடுத்தான். கொடுக்கட்டும், அது உதவிதான். நானே அவன் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இரண்டாம் தடவை தெருவில் நின்றபடியே குரல் கொடுத்தான். "அண்ணே, அசந்து தூங்கிட்டேன். உங்க முறையை விடுங்க." இவனும் விட்டான்.

மூன்றாம் தடவை துரை நேரில் வரவில்லை, சொல்லி அனுப்பினான். சம்பந்தி வீட்டார் வருகிறார்களாம், வயல் பச்சென்று தெரிய வேண்டுமாம்! அதற்கும் கொடுத்தான் இந்தப் புண்ணியவான். கொடுத்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

கேழ்வரகாக இருந்ததால் தாக்குப்பிடித்தது. நெல்லாக இருந்தால் அப்போதே வைக்கோல். கதிரில் பால் பிடிக்கிற நேரத்தில் தாள் சுருண்டு தலை தொங்கிவிட்டது.

பொன்னுருவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பொரிந்து தள்ளினாள். "நம்ம பயிருக்கு உங்களைப் புகழத் தெரியலை பாருங்க, அதான் அதுக்குத் தண்ணி இல்ல. பிள்ளைங்களுக்கும் சொல்லிக் கொடுத்துடறேன். தருமப்பிரபுவே, களி போடுங்கன்னு கேக்கட்டும்."

ஆதிமூலத்துக்குச் சுருக்கென்றது. தாண்டவராயன் வீட்டுக்குப் போய், "தம்பி, ஒரே ஒரு நாழிகை தண்ணி விடு. பயிர் சாகுது" என்றான்.

தாண்டவராயன் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னான்: "என்னண்ணே இது? முறைன்னா முறைதானே? உங்களுக்கு வேணும்னு நீங்க ஒருநாளும் சொல்லலையே. வேண்டாமாக்கும்னு நினைச்சுட்டேன்."

பார்த்தீர்களா வாயை! ஆனால் அதில் பாதி நிஜம். அந்த நிஜம்தான் ஆதிமூலத்தை வழி நெடுக அறுத்தது. அவன் ஒருநாளும் சொல்லவில்லைதான்.

ஏரி வற்றிக்கொண்டே வந்தது. ஆதிமூலத்தின் முறை வந்தபோது, இதுதான் கடைசித் தண்ணீர் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அவன் விடிந்ததும் மண்வெட்டியோடு போய் மடையில் நின்றான். தாண்டவராயனும் வந்தான். இந்தத் தடவை நேரில், அதுவும் பல்லெல்லாம் தெரிய.

"தருமப்பிரபு நின்னாலே மடைக்கு ஒரு அழகுதான். அண்ணே, இந்த ஒரு முறை…"

"இல்லை" என்றான் ஆதிமூலம். குரல் நடுங்கியது, முழங்காலும் நடுங்கியது.

"விளையாடுறீங்களா அண்ணே?"

"இல்லை." குரல் நின்றது, முழங்கால் மட்டும் நடுங்கியது.

"அப்போ தரவே மாட்டீங்களா?"

"இல்லை தம்பி." எதுவுமே நடுங்கவில்லை. வானமும் இடிந்து விழவில்லை. இந்த மூன்றெழுத்துக்கா இத்தனை நாள் பயந்து செத்தோம் என்று அவனுக்கே அவன்மேல் எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வெளியூர்க்காரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். நாக்கைத் தொங்கப் போட்ட ஆடுகள். மடையில் நடந்த பேச்சைக் கேட்டதும் அவள் தயங்கித் தூரத்திலேயே நின்றுவிட்டாள்.

ஆதிமூலம் கூப்பிட்டான். "ஏன் தாயி நிக்கறே? ஓட்டிக்கிட்டு வா. வயிறு நிறையக் குடிக்கட்டும். நீயும் குடி."

தாண்டவராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர் பேர் தெரியாதவ ஆட்டுக்குத் தருவே, எனக்குத் தரமாட்டியா?" அண்ணே என்ற சொல் அதற்குள் பறந்துவிட்டதைக் கவனித்தீர்களா?

"ஆடு குடிச்சுட்டுப் போயிடும் தாண்டவராயா, நீ மடையையே உன் பக்கம் திருப்பிக்குவே" என்று சொல்லிவிட்டு, ஆதிமூலம் தன் வயலுக்கு வாய்க்காலை வெட்டிவிட்டான்.

பாதிப் பயிர் பிழைத்தது. பாதி பதராய்ப் போனது. அது அவன் சிரித்துக்கொண்டே கொடுத்ததற்குக் கிடைத்த கூலி. பிழைத்த பாதியில் அந்த வருஷம் மூன்று பிள்ளைகளும் களி தின்றார்கள்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: மறுக்கத் தெரிந்தவன் மனமுவந்து கொடுப்பதுதான் இரக்கம், மறுக்கத் தெரியாதவன் கொடுப்பது வெறும் பயம்.