அஞ்சலை கண்ணுக்குள்ள ஒரு நட்சத்திரம்

ஒரு ஊர்ல ஒரு மலை, மலை மேல வானத்தைப் பாக்குறதுக்குன்னே ஒரு கூடம். போர்வைய உதைக்காம கேளு, சித்தி இப்பவே அலுத்துப் போயிருக்கேன். அந்தக் கூடத்துல கோமளவல்லின்னு ஒருத்தி, டெலஸ்கோப்புக்குக் கருவி செய்யறவ. காத்து அசையறதால நட்சத்திரம் மினுக் மினுக்குனு ஆடுதுல்ல, அந்த ஆட்டம் அவளுக்கு ஆகவே ஆகாது. படம் எடுத்தா கொழகொழன்னு வருதாம். எட்டு வருஷம் மல்லுக்கட்டி, அப்பளம் கனத்துல ஒரு கண்ணாடி செஞ்சா. நட்சத்திரம் எப்படி ஆடுதோ அதுக்கு எதிரா கண்ணாடி கிடுகிடுன்னு நெளியும், படம் ஆடாம நிக்கும். ம் சொல்லு.

அப்போ அங்க சமையல் பண்றவ அஞ்சலை. கொஞ்ச நாளா ரசத்துல ரெண்டு தடவை உப்பு, இட்லிக்குள்ள தீக்குச்சி. கோமளத்துக்குப் பொறுமை போச்சு, நேரா சண்டைக்குப் போனா. போய்ப் பாத்தா அஞ்சலை உப்பு டப்பாவைத் தடவித் தடவித் தேடிட்டிருக்கா. ஒரு கண்ணு எப்பவோ போச்சு, இப்போ மத்ததும் மங்குது. சொன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு வாயே தொறக்கல பாவி.

அப்புறம் கோமளமே அவளை மலைக்குக் கீழ இருக்குற கண் டாக்டர் ஜமீலாகிட்ட கூட்டிட்டுப் போனா. கண்ணுக்குப் பின்னாடி ஒரு பொடி ரத்தக்குழாய் கசியுதுன்னாங்க டாக்டரம்மா, லேசர் வச்சு அடைச்சுடலாம், ஆனா உள்ள எல்லாம் கலங்கலாத் தெரியுது, குத்துமதிப்பா சுட்டா இருக்குற பார்வையும் போயிடும்னாங்க. அப்புறம் கோமளத்தைப் பாத்து மெதுவா, ஆட்டத்தை நிறுத்துற உங்க கண்ணாடியக் கொஞ்சம் கொடுங்களேன்னாங்க. கோமளத்துக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நட்சத்திரத்துக்குச் செஞ்சதைக் கண்ணுக்குக் கேப்பாங்களான்னு கத்துனா. கத்திக்கிட்டேதான் கழட்டி எடுத்துட்டுப் போனா.

மொத நாள் அஞ்சலை மிளகா அரைச்ச கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்தா. பொலபொலன்னு தண்ணி, ஒண்ணும் தெரியல. ரெண்டாம் நாள், அடுப்புல பால் இருக்குன்னு தலையத் திருப்பிக்கிட்டே இருந்தா. மூணாம் நாள் கல்லாட்டம் உக்காந்தா, ஆனா கண்ணாடி நெளியவே இல்ல. கோமளம் ஒயரைப் புடுங்குறா, சொருகுறா, தன்னையே திட்டிக்கிறா. அப்போ அஞ்சலை மெல்லக் கேட்டா.

"அது எதைப் பாத்து நெளியும், கோமளம்மா?"

"நட்சத்திரத்தைப் பாத்துதான்."

சொல்லிட்டுக் கோமளம் தலைல அடிச்சுக்கிட்டா. கண்ணுக்குள்ள ஏது நட்சத்திரம்? எட்டு வருஷம் வானத்தையே பாத்தவளுக்கு அது தோணவே இல்ல பாரேன். அப்புறம் ஊசிமுனையாட்டம் ஒரு செவப்பு வெளிச்சத்தை அஞ்சலை கண்ணுக்குள்ள விட்டா. அது உள்ள பட்டு நட்சத்திரமாட்டம் மினுக்குச்சு. அதைப் பாத்ததும் கண்ணாடி கிடுகிடுகிடுன்னு நெளிஞ்சுது, கலங்கல் தெளிஞ்சுது, கசியற இடம் பளிச்சுனு தெரிஞ்சுது. டாக்டரம்மா டிக்குனு சுட்டு அடைச்சாங்க.

தூங்கிட்டியா? இன்னும் கொஞ்சம்தான். பத்து நாள் கழிச்சு, பொழுது சாஞ்ச நேரம், அஞ்சலை வெளிய வந்து அண்ணாந்து பாத்தா. பாத்துக்கிட்டே நின்னா. கோமளம் பக்கத்துல வந்தா.

"எவ்ளோ அழகா மினுக்குது. இதையா நிறுத்தப் பாக்குறீங்க?"

கோமளத்துக்கு வந்துச்சு பாரு கோவம். விடுவிடுன்னு போய்ச் சாப்பிட உக்காந்தா. ரசத்துல உப்பு சரியா இருந்துச்சு. மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டே இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கிட்டா.

அவ்வளவுதான், கதை சாப்பிட்டுக் கையக் கழுவிடுச்சு. நீ கண்ணை மூடு.