ஆலயத்துக்கு வெளியே அமர்ந்த பரிபூரணத்தம்மாள்

தேரி எனப்படும் செம்மணல் மேட்டை ஒட்டிய அருள்வடலி என்னும் சிற்றூரிலே பரிபூரணத்தம்மாள் என்றோர் அடியார் வாழ்ந்தார். கணவர் இயேசடியான் பனையேறி இறக்கிக் கொடுக்கும் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவதே அவர் தொழில். ஓலைக் குடிசைக்குள் புகையில் கண் சிவக்க நின்று, கொதிக்கும் பாகைத் துடுப்பால் கிண்டும்போதெல்லாம் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அவர் உதடு முணுமுணுக்கும். எழுத்தறியாதவர். அவருக்குத் தெரிந்த செபம் அதுதான். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுக்கும் முதல் கருப்பட்டியை ஆலயத்துக்கென்று ஒதுக்கி வைப்பார். ஏன் என்று கேட்டால், "சிலுவையில தாகம்னு சொன்னவருக்குக் புளிச்ச காடியைத்தானே கொடுத்தாவ. நாமளாவது இனிப்பு கொடுப்போமே" என்பார்.

ஒரு பங்குனிக் காலையில் இயேசடியான் பனையிலிருந்து விழுந்தார். அம்மையார் ஓடிவந்து தலையை மடியில் ஏந்தியபோது மூச்சிருந்தது, பேச்சில்லை. வெயில் ஏறுமுன் அந்த மூச்சும் போயிற்று. துயரம் அதோடு நிற்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மகள் கிருபை காய்ச்சலில் படுத்தாள். சின்னஞ்சிறு பெண். "அம்மா, தண்ணி கசக்குது" என்று சொல்லியபடியே கண்மூடிவிட்டாள்.

விசுவாசமுள்ளவர்கள் அழமாட்டார்கள் என்பார் அறியாதவர். அம்மையார் மண்ணில் புரண்டு அழுதார். "ஏன் ஆண்டவரே?" என்று வாய்விட்டுக் கேட்டார். பதில் வரவில்லை. ஆயினும் மறுநாள் விடிந்தபோது அந்தப் பெயரையே சொல்லி எழுந்தார். சொல்வதற்கு வேறு பெயர் அவருக்கு இல்லை.

ஊர்வாய் சும்மா இருக்குமா? "முதக் கருப்பட்டி வாங்கின சாமி, புருசனையும் வாங்கிட்டு, பிள்ளையையும் வாங்கிட்டாரு பாத்தியா" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். அதைவிடக் கொடியது உபதேசியார் மதுரநாயகம் சொன்னது. அவ்வூர்ச் சபையை நடத்தியவர் அவர். கெட்டவர் அல்லர்; காரணமில்லாமல் கடவுள் அடிப்பதில்லை என்று உறுதியாக நம்பியவர்.

"பரிபூரணம், நீ மறைச்சு வச்ச பாவம் ஏதோ இருக்கு. சபை முன்னால அறிக்கை பண்ணு. இல்லாட்டி இந்தத் தண்டனை நிக்காது" என்றார்.

அம்மையார் கைகூப்பினார். "நான் பாவிதான் ஐயா. ஆனா என் பிள்ளை சாகும்படியா ஒண்ணும் செய்யல. செய்யாததைச் செஞ்சேன்னு ஆண்டவர் வீட்டுல நின்னு எப்படிச் சொல்லுவேன்?"

அந்த ஞாயிறு முதல் அவருக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது. ஆலயத்துக்குள் வரவும் கூடாது என்றாயிற்று. அம்மையார் வழக்காடவில்லை. வெளிச்சுவரோரம், சன்னலுக்குக் கீழே மணலில் அமர்ந்து, உள்ளே பாடுகிற பாட்டைக் கூடவே பாடினார். திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வழங்கும் நேரத்தில் மட்டும் அவர் குரல் நின்றுவிடும்; முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். கோடையும் மழையுமாக ஆண்டுகள் சென்றன. அவர் ஓர் ஆராதனைக்கும் வராமல் இருந்ததில்லை.

பிறகு ஊருக்குள் வாந்திபேதி வந்தது. உபதேசியாரின் ஒரே மகன் நத்தானியேல், கல்யாணம் நிச்சயமான பிள்ளை, காலையில் படுத்தவன் மாலைக்குள் போய்விட்டான். தொற்றுக்கு அஞ்சி எவரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. மனைவியை முன்பே இழந்த உபதேசியார் மகனருகே தனியே கிடந்தார். அப்போது பரிபூரணத்தம்மாள் ஒரு குடம் தண்ணீரோடு உள்ளே வந்தார். அந்தப் பிள்ளையைக் கழுவித் துடைத்து வெள்ளைவேட்டி உடுத்திவிட்டார்.

உபதேசியாரால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நான் என்ன பாவம் செஞ்சேன்னு கேக்க வந்தியாம்மா?"

"இல்ல ஐயா. கூட இருக்க வந்தேன். எனக்கும் அவரு காரணம் சொல்லல. கூட மட்டும் இருந்தாரு."

அந்தப் பெரியவர் தரையில் விழுந்து கதறினார்.

சில நாளில் அம்மையாரையும் அந்நோய் பற்றியது. உபதேசியார், ஊரார் தடுத்தும் கேளாமல், திருவிருந்து வழங்க வரும் குருவானவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அந்தக் குடிசைக்கு வந்தார். "இவங்களை வெளியே தள்ளினது நான்தான் ஐயா. கொடுங்க" என்றார். குருவானவர் அப்பத்தை ரசத்தில் நனைத்து அம்மையாரின் உலர்ந்த உதட்டில் வைத்தார்.

அதை விழுங்கிய அம்மையார் வாசலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "ஐயா, பாய் எடுத்துப் போடுங்க. வந்துட்டாரு" என்றார். பின்பு, தாய் பிள்ளையைப் பார்த்து உருகுவதுபோல், "ஐயோ, கால்ல ஆணி அடிச்ச காயம் இன்னும் ஆறலையே" என்றார்.

மற்றவர் கண்ணுக்கு வாசலில் ஒருவரும் தெரியவில்லை. ஆனாலும் உபதேசியார் எழுந்துபோய்ப் பாயை விரித்தார். அவர் திரும்புவதற்குள் அம்மையாரின் உயிர் அமைதியாக அடங்கியிருந்தது.

தம் நோவை மறந்து தம் ஆண்டவரின் நோவுக்கு இரங்கிய அந்த எளிய தாய்க்கு நம் வணக்கம்.