மூன்று மாமன்மாரும் மிட்டாய்ப் பிறந்தநாளும்

சங்கரன்கோவிலில் மூன்று அண்ணன்மார் இருந்தார்கள். மூன்று பேரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். தொல்லையே அதுதான்.

மூத்தவர் வெள்ளைத்துரை. யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்பது சில சமயம் அவருக்கே தெரியாது. நடுவில் உள்ளவர் தவசிக்கனி, எதைச் சொன்னாலும் ஒரு சந்தேகம் கேட்பார். இளையவர் முக்கையாவுக்குச் சந்தேகமே வராது. இவர்களுக்கு ஒரே தங்கச்சி கோமதி. அவளை அதே ஊரில் மகாராஜன் என்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தை, பெயர் நித்திலா.

கோமதியின் மாமியார் பெயர் சீனியம்மாள். சீனி பெயரோடு சரி. அடுத்த மாதம் நித்திலாவுக்குக் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த முறை. ஆனால் சீனியம்மாளோ, இந்த மூன்று பேர் மடியில் உட்கார வைத்தால் காதுக்குப் பதில் மூக்கில் குத்திக்கொண்டு வருவார்கள், ரைஸ்மில் வைத்திருக்கும் ஒன்றுவிட்ட மாமன் மடியே போதும் என்று சொல்லிவிட்டார். வெள்ளைத்துரைக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மூன்று மாதமாக அவர் தினமும் சம்மணம் போட்டு, மடியில் தலையணையை வைத்துப் பழகி வந்தவர்.

கோமதி அழுது அடம்பிடித்ததில் சீனியம்மாள் கொஞ்சம் இறங்கி வந்தார். நித்திலாவின் இரண்டாவது பிறந்தநாளை இந்த மூன்று பேரும் ஒழுங்காக நடத்திக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்க் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டார்.

பிறந்தநாள் அன்று காலையில் மாமியாரை அழைத்துவரக் கோமதியும் மகாராஜனும் குழந்தையோடு காரில் கிளம்பினார்கள். போகிற அவசரத்தில் கோமதி அண்ணன்மாருக்கு விவரம் சொன்னாள். இந்த வருஷம் எல்லாமே மிட்டாய் மாதிரி இருக்க வேண்டும். வீடு முழுக்க மிட்டாய் ஒட்ட வேண்டும், சுவரே தெரியக்கூடாது. டேப் போட்டு ஒட்டினால் பெயிண்ட் உரிந்துவிடும், அதனால் டேப் வேண்டாம். வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட வேண்டும். போட்டோகாரர் ஆறு மணிக்கு வருவார். வருகிறவர்களை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

மிட்டாய் படம் போட்ட கலர் பேப்பர்களையும் பலூன்களையும் ஒரு பையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள். பலூனை எடுத்துக்கொண்ட தவசிக்கனி, பேப்பரில் இருப்பது வெறும் படம் என்று கண்டுபிடித்து அதைக் குப்பையில் போட்டார்.

மூன்று பேரும் கடைத்தெருவுக்குப் போய்த் தேன்மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், கடலை மிட்டாய், கமர்கட், ஜவ்வு மிட்டாய், பஞ்சு மிட்டாய் எல்லாவற்றையும் மூட்டையாக வாங்கி வந்தார்கள். எதை வைத்து ஒட்டுவது என்று பேச்சு வந்தது. வெள்ளைத்துரை கண்ணை மூடி யோசித்து, வெல்லப்பாகு காய்ச்சச் சொன்னார். மத்தியானத்துக்குள் சுவர் மறைந்துவிட்டது. சுவர்க் கடிகாரமும் மறைந்தது, சுவிட்ச் போர்டும் மறைந்தது. எந்தக் கமர்கட்டை அமுக்கினால் ஃபேன் சுற்றும் என்று தேடுவதற்கே ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒருவழியாகச் சுற்றியபோது, அதன் இறக்கையில் முக்கையா கட்டியிருந்த பஞ்சு மிட்டாய் மொத்தமும் காணாமல் போனது. எங்கே போனது என்று மூன்று பேரும் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். அது மூன்று பேர் தலையிலும் இருந்தது.

அதற்குள் எறும்பு வந்துவிட்டது. தெருவிலுள்ள எறும்பெல்லாம் வந்தது. முக்கையா ஓடிப்போய் எறும்பு சாக்பீஸ் வாங்கி வந்து வீட்டைச் சுற்றி ஒரு இடைவெளி இல்லாமல் கோடு போட்டார். தவசிக்கனி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கோடு போட்டாச்சு சரி. எறும்பு உள்ளதான இருக்கு?"

"கோட்டை எந்த எறும்பும் தாண்டாதுன்னு கடைக்காரர் உறுதியாச் சொன்னாரு," என்றார் முக்கையா.

"அப்ப உள்ள இருக்கிறது எப்படி வெளிய போகும்? நாம எறும்பை அடைச்சுல்ல வச்சிருக்கோம்."

வெள்ளைத்துரை கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துத் திறந்தார். "ஒரு இடத்துல கோட்டை அழிச்சு விடு. போறது போகட்டும்."

"அந்த வழியா வெளிய நிக்கிறது உள்ள வந்துட்டா?"

"'வெளியே செல்லும் வழி'ன்னு எழுதி வை. பஸ் ஸ்டாண்டுல அப்படித்தான் எழுதியிருக்கான்."

முக்கையா அழகான கையெழுத்துக்காரர். அழித்த இடத்தில் அதே எறும்பு சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதினார். எறும்பு ஒன்று அதுவரை வந்து, நின்று, திரும்பிப் போனது. படித்துவிட்டது என்று மூன்று பேருக்கும் திருப்தி.

இந்த நேரத்தில் மதுரையிலிருந்து கோமதி போன் செய்தாள். சாப்பிடுகிற மிட்டாயை மட்டும் குழந்தை கண்ணில் காட்டவே கூடாது, பார்த்தால் கேட்டு அழுவாள், பல் கெட்டுவிடும், எல்லாவற்றையும் மூடி வையுங்கள் என்றாள். வெள்ளைத்துரை போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தரையைத் தவிரச் சாப்பிட முடியாத இடமே இல்லை. ஆனாலும் தங்கச்சி சொல்லிவிட்டாளே.

பீரோவிலிருந்த போர்வை போதவில்லை. மூன்று பேரின் வேட்டிகளும் போதவில்லை. பந்தல்காரரிடம் வெள்ளைத் துணி வாடகைக்கு வாங்கி வந்து, கூடத்திலிருந்து வாசல் வரை எல்லாச் சுவரையும் மூடினார்கள். மிச்சத் துணியைப் பந்தலைச் சுற்றிக் கட்டினார்கள். வெள்ளை வெளேரென்று வீடு அமைதியாகிவிட்டது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, களைத்துப் போய்த் தலையில் கைவைத்து வாசலில் உட்கார்ந்தார்கள்.

எதிர்வீட்டு டெய்லர் சங்கரபாண்டி மத்தியானத் தூக்கம் முடிந்து வெளியே வந்தார். பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து வந்து வெள்ளைத்துரையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மதுரையிலிருந்து வந்தாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வந்துக்கிட்டே இருக்காங்க அண்ணாச்சி. சீனியம்மாளைக் கார்ல கொண்டு வர்றாங்க."

"ஆபரேஷன்லயேவா?"

"இல்லை அண்ணாச்சி. ஆபரேஷனெல்லாம் நல்லபடியா முடிஞ்சது. அதுக்குப் பிறகுதான் கிளம்பினாங்க."

சங்கரபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எப்ப எடுக்குறீங்க?" என்றார்.

"ஆறு மணிக்கு எடுக்கிறோம். நீங்க அவசியம் வந்து நிக்கணும்."

"நிக்காம இருப்பேனா? கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாக்க வேண்டாமா?"

"கடைசியில எதுக்கு? முன்வரிசையிலயே நில்லுங்க," என்றார் வெள்ளைத்துரை. போட்டோவுக்கு இவ்வளவு ஆசைப்படுகிற மனுஷரை அவர் இதுவரை பார்த்ததில்லை.

சங்கரபாண்டி எழுந்து போன கொஞ்ச நேரத்தில் தெருவே திரண்டு வந்தது. வந்த கூட்டத்தைப் பார்த்து வெள்ளைத்துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு பிறந்தநாளுக்கு இத்தனை பேர் வந்து இந்தத் தெரு கண்டதில்லை. சிலர் மாலை வாங்கி வந்திருந்தார்கள். குழந்தைக்கு மாலை கொஞ்சம் பெரிதுதான், ஆனால் வளர்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

வருகிறவர்களைக் கவனிக்கிற பொறுப்பு முக்கையாவுடையது. அவர் ஒவ்வொருவருக்கும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இமை கொட்டாமல் கவனித்தார். கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. சம்பந்தி வீட்டு ஆளுக்கு இவ்வளவு பாசமா என்று பெண்கள் உருகிப் போனார்கள். அதில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள்.

"பாட்டு கொஞ்சம் சோகமா இருக்கே?" என்று தவசிக்கனி சந்தேகப்பட்டார்.

"பழைய பாட்டு அப்படித்தான் இருக்கும்," என்றார் வெள்ளைத்துரை.

யாரோ சொல்லி அனுப்பி, சங்கு ஊதுகிறவரும் வந்து சேர்ந்தார். ஊதுவதற்குத்தான் வந்தேன் என்று அவரே சொன்னதால், தவசிக்கனி பலூன் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பெரிய இடத்துச் சாவில் இப்படி ஏதோ புதுமுறை இருக்கும்போல என்று அவரும் மூச்சைப் பிடித்து ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் கார் வந்து நின்றது. கூட்டம் எழுந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு காரை நோக்கி ஓடினார்கள். கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட சீனியம்மாள் காலை ஊன்றி இறங்கினார். முன்னால் ஓடிய பெண் நிற்க முடியாமல், கையிலிருந்த ரோஜா மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டாள். ஒப்பாரி நடு வரியில் நின்றது.

கோமதி பந்தலைப் பார்த்தாள், வெள்ளைத் துணியைப் பார்த்தாள், பலூன் ஊதுகிறவர் பக்கத்தில் கிடந்த சங்கைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு அப்படியே கார்ச் சீட்டில் சாய்ந்தாள். அடுத்த மாதத்து ரைஸ்மில் மாமன் மடி அவள் கண்முன்னே வந்தது.

"யாரு செத்தது?" என்று கேட்டார் சீனியம்மாள்.

சங்கரபாண்டிதான் துண்டைக் கையில் பிடித்தபடியே சொன்னார். "நீங்கதான் மதினி."

சீனியம்மாள் மாலையைச் சரிசெய்துகொண்டு, மெல்ல நடந்து போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒப்பாரி வைத்த பெண்களைப் பார்த்தார்.

"கார்ல வரும்போதே காதுல விழுந்தது. 'கொடுத்துச் சிவந்த கையி'ன்னு என்னமோ பாடினீங்க. விட்ட இடத்துலயிருந்து பாடுங்க."

வேறு வழியில்லாமல் பாடினார்கள். சீனியம்மாள் முழுவதும் கேட்டார். கடன் கொடுத்தால் வாசலில் வந்து கத்துகிற தன்னை, கேட்காமலே அள்ளிக் கொடுத்தவள் என்றார்கள். வாய் திறந்தால் தெருவே நடுங்கும் தன்னை, பேசினால் தேன் சொட்டும் என்றார்கள். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, என்னைப் பற்றி என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. ஆபரேஷன் செய்த கண், அழக்கூடாது என்று மகாராஜன் கெஞ்சியும் கேட்கவில்லை.

"இத்தனை வருஷத்துல இந்த வீட்டுல என்னை ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னவங்க கிடையாது," என்று அவர் மருமகளிடம் சொன்னார். "உங்க அண்ணன்மார் ஊரையே கூட்டி வச்சுச் சொல்ல வச்சுட்டாங்க. பிள்ளை இவங்க மடியிலயே உக்காரட்டும்."

வெள்ளைத்துரைக்கு அவர் எதற்குப் பாராட்டுகிறார் என்று கடைசிவரை விளங்கவில்லை. ஆனாலும் அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டிக் காட்டினார். நித்திலா வந்து உட்கார்ந்தாள். அவருக்கு அழுகை வந்தது. தலையணையைவிட அவள் கொஞ்சம் கனம்தான்.

அதன்பிறகு துணியை விலக்கினார்கள். வந்திருந்த பிள்ளைகள் சுவரைக் கண்டதும் போய் ஒட்டிக்கொண்டார்கள். பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் வாயெல்லாம் கமர்கட்டோடு நின்றார்கள். போட்டோகாரர் வந்து பார்த்தபோது, முன்வரிசையில் சங்கரபாண்டி தலைசீவிக்கொண்டு தயாராக இருந்தார்.

கடைசியில் கேக்கைக் கொண்டு வந்து வைத்தார்கள். இரண்டு வயதுக்கு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நித்திலா ஊதுவதற்கு வாயைக் குவித்தாள். சீனியம்மாள் சட்டென்று தடுத்தார். பிள்ளை பிறந்த நாளில் எரிகிற விளக்கை ஊதி அணைப்பது என்ன பழக்கம், அதை யாரும் அணைய விடக்கூடாது என்று அண்ணன்மாரைப் பார்த்துச் சொன்னார்.

தலையாட்டிய மூன்று பேரும் கேக்கைச் சுற்றி உட்கார்ந்து கையால் காற்றை மறைத்தார்கள். வெட்டலாமா என்று கோமதி கத்தியை எடுத்தாள். கேக் ஆடினால் சுடர் ஆடும், சுடர் ஆடினால் அணையும் என்று தவசிக்கனி சொன்னார். அது சரி என்றே மற்ற இருவருக்கும் பட்டது. மெழுகுவர்த்தி கரைந்து வந்ததும் முக்கையா அதிலிருந்தே வேறு இரண்டைப் பற்றவைத்துச் செருகினார். கோமதி எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தாள். தன் சொல்லுக்கு இந்த வீட்டில் முதல்முறையாக மதிப்பு வந்திருக்கிறது, யாரும் கை வைக்கக்கூடாது என்று சீனியம்மாள் சொல்லிவிட்டார். வந்தவர்கள் கையை நக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

காதுகுத்து முடிந்தது. வருஷங்களும் போயின. மூன்று பேரும் முறை வைத்து உட்கார்ந்து பார்த்துக்கொள்வதால் சுடர் இன்னும் எரிகிறது. கேக் செங்கல்லாகிவிட்டது.

இந்த ஜூன் மாதம் நித்திலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வெள்ளைத்துரைதான் கூட்டிப் போனார். பிள்ளை நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கேட்காமலே ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லி முடித்தாள். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே, இவளுக்கு எத்தனை வயது முடிந்திருக்கிறது என்று கேட்டார்.

வெள்ளைத்துரை கண்ணை மூடி யோசித்தார்.

"ஒண்ணு முடிஞ்சிருக்குங்க டீச்சர். ரெண்டு இன்னும் வெட்டலை."