கிணற்று வேலைக்குக் கரி நிறம்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் சீமையைச் சூரகண்ட ராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட விளையாடினான் என்பதே சரி. அவன் அரண்மனையில் வேடக்களம் என்ற ஆட்டத்தின் மேல் எல்லோருக்கும் பைத்தியம். வாள்வீரன், வைத்தியன், ஒற்றன் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். காடு, குகை, பூதம் என்று ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் பகடை உருட்டி, தங்கள் வேடத்துக்குரிய திறமையால் தப்பிக்க வேண்டும்.

புதிதாக ஆட வருகிறவனுக்கு எந்தத் திறமை உதவும், எது உதவாது என்று தெரிய வேண்டாமா? அதற்காக அம்பலத்தாடிப் பண்டிதர் ஒரு வழிகாட்டி ஓலை எழுதினார். ஒவ்வொரு திறமைக்கும் ஒரு பொட்டு. பொன் என்றால் உயர்வு, பச்சை என்றால் சுமார், கரி என்றால் குப்பை. வாள்வீச்சுக்கு ஒரு பொன். ஆலோசனை சொல்வதற்கு இரண்டு பொன். அவருடைய தொழிலே அதுதானே! கிணற்றில் இறங்குவதற்குக் கரி.

அது ஆட்டத்தோடு நின்றிருந்தால் கேடில்லை. ஒருநாள் ராஜா ஓலையைப் புரட்டியபடி, "கரித் திறமைக்காரர்கள் நம் ஊரில் எதற்கு?" என்று கேட்டான். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்பளம் வாங்கும் வாய் அத்தனை லேசில் திறக்காது. மறுநாள் காலை தமுக்கடித்தார்கள். கிணறு தூர்வாரும் முப்பது குடும்பங்களும் பௌர்ணமிக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.

இருளாயி அப்போதுதான் ஒரு கிணற்றைத் தூர்வாரிவிட்டு மேலே வந்திருந்தாள். தமுக்குச் சத்தம் கேட்டு அவளுக்குக் காது அடைத்துப்போனது. விளையாட்டுக்கு வைத்த பொட்டுக்காக நிஜமான குடிசையைக் காலி செய்வதா? உடம்பெல்லாம் சேறு அப்பியிருக்க, வாளியும் கயிறும் அகல்விளக்குமாக அப்படியே அரண்மனைக்கு நடந்தாள்.

நந்தவனத்தில் பெருங்கூட்டம். பகடை சலித்துப்போன ராஜா, ஆட்டத்தை நிஜமாகவே ஆடிப் பார்க்கப் புறப்பட்டிருந்தான். பாழுங்கிணற்றின் மூடியைப் பெயர்த்து, உள்ளே ஒரு நகைப்பெட்டியைப் போட்டிருந்தார்கள். பொன் பொட்டு வாங்கிய ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். ராஜா இடுப்பில் கயிறும் கையில் வாளுமாக, கிணற்றுச் சுவரைத் தாண்டி ஒரு காலைப் போட்டிருந்தான்.

"மகாராஜா, நில்லுங்க!"

காவலர்கள் பாய்ந்து பிடித்தார்கள். பண்டிதர் முகம் சுளித்தார்.

"யாரடி நீ?"

"உங்க ஓலையில கரிப்பொட்டு வச்சீங்களே, அவதான்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "விடுங்கள் அவளை. என்ன வேண்டும்?"

"இந்தக் கிணறு எத்தனை வருஷமா மூடிக் கிடக்கு?"

"என் பாட்டனார் காலத்திலிருந்து."

உள்ளே என்ன இருக்கும் என்று இருளாயிக்குத் தெரியும். ஆனால் கரி சொன்னால் பொன் கேட்குமா? அவர்களுடைய ஓலையைக் கொண்டே மடக்கினாள்.

"ஓலைப்படி யாருக்குப் பொன் அதிகம், மகாராஜா?"

"பண்டிதருக்கு."

"அப்போ உசந்தவர்தானே முன்னால இறங்கணும்?"

எல்லாரும் பண்டிதரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு நேற்றிலிருந்து ஜலதோஷம். கரியே முன்னால் போகட்டுமே. போனாலும் நஷ்டமில்லை."

சுருக்கென்றது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டாள். "போறேன். ஆனா எனக்கு முன்னால என் கூட்டாளி இறங்குவான். எங்க வேலையில அதுதான் வழக்கம்."

"யார் அந்தக் கூட்டாளி?"

அவள் தன் வாளிக்குள் அகல்விளக்கை ஏற்றி வைத்தாள். "இதுக்கு என்ன நிறம், ஐயா?"

"விளக்கா? அது ஓலையிலேயே இல்லை."

"அதான் பார்த்தேன்."

வாளி மெல்ல இறங்கியது. நாலாள் ஆழத்தில் சுடர் சுருங்கி அணைந்தது.

"காற்றடித்திருக்கும்" என்றார் பண்டிதர்.

"கிணத்துக்குள்ள எங்கேருந்து ஐயா அடிக்கும்?"

மறுபடி ஏற்றி இறக்கினாள். அதே ஆழத்தில் அணைந்தது. மூன்றாம் முறை ஒரு தீவட்டியையே கட்டி இறக்கினாள். யாரோ விரலால் நசுக்கியதுபோல அதுவும் அவிந்தது.

"உள்ள கெட்ட காத்து நிக்குது, மகாராஜா. இறங்குறவன் ரெண்டு மூச்சு இழுப்பான், மூணாவது கிடையாது. தூக்கப் போறவனும் அவன் மேலேயே விழுவான். என் அண்ணன் அப்படித்தான் போனான்."

ராஜா தன் காலைப் பார்த்தான். அது இன்னும் கிணற்றுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துக்கொள்ளும்போது வாள் கை நழுவி உள்ளே விழுந்தது. நெடுநேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

பிறகு ராஜா கத்தினான். "ஓலையைக் கொளுத்துங்கள்! இந்தப் பண்டிதரை இதே கிணற்றில் தள்ளுங்கள்!"

இருளாயி அதிர்ந்துபோனாள். நேற்று முப்பது குடும்பங்களைத் துரத்திய வாய், இன்று அதே வேகத்தில் ஓர் உயிரைக் கேட்கிறதே!

"வேண்டாம், மகாராஜா. தரம் பிரிக்கிறது தப்பில்ல. புதுசா வர்ற ஆளுக்கு நானும்தான் இந்தக் கயிறு நல்லது, இது ஆகாதுன்னு சொல்லிக் குடுக்கிறேன். ஆனா எந்தக் கிணத்துக்குன்னு சேர்த்துச் சொல்லுவேன். நான் தொங்கிப் பார்க்காத கயித்தப் பத்தி வாயே திறக்க மாட்டேன். போர்க்களத்துல என்னைக் கரின்னா ஒத்துக்குவேன். இவர் எந்த இடத்துலன்னும் எழுதல, எதையும் செஞ்சும் பார்க்கல."

ராஜா தலை குனிந்தான். "தமுக்கு ரத்து. முப்பது குடும்பங்களும் இங்கேயே இருக்கட்டும். உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்."

"பண்டிதரை முப்பது நாள் எங்கூட அனுப்புங்க. அப்புறம் ஓலைய அவரே திருத்தட்டும்."

பண்டிதர் மயங்கி விழாத குறை.

முதல்நாள் மாலை, கடைத்தெருக் கிணற்றிலிருந்து அவரைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். மீசையிலிருந்து சேறு சொட்டியது, உள்ளங்கை உரிந்திருந்தது. மூச்சு வாங்கியபடி அவர் கேட்டார்: "அம்மா, இன்றைக்கு எனக்கு என்ன நிறம்?"

இருளாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல, ஐயா. கழுவிட்டு வாங்க, பார்ப்போம்."

கிணற்றைச் சுற்றி நின்ற முப்பது குடும்பங்களும், தங்கள் சொந்த ஊரில் நின்று, வாய்விட்டுச் சிரித்தன.